ஹொரைசன் ஐரோப்பாவில் இந்தியா பங்குத்தொகை கட்டிச் சேர வேண்டுமா?

முத்தோரை மண் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். பூண்டு விலையும் காட்டெருமைத் தொல்லையும் பேசுகிற இடத்தில் ஹொரைசன் ஐரோப்பா என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆராய்ச்சி நிதித் திட்டத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கொஞ்சம் நீளும். சுற்றிச் சுற்றிக் கடைசியில் நம் வயலுக்குத்தான் வந்து சேரும் என்பதால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பதினோரு ஆண்டுகளாக மண் கழுவுகிறேன். ஊட்டி, கேத்தி, எமரால்டு பக்கத்து வயல்களிலிருந்து எடுத்து வரும் மண்ணை நிழலில் உலர்த்தி, நூறு கிராம் நிறுத்து, கழுத்துக் குறுகிய தகரக் குடுவையில் கொட்டித் தண்ணீரைப் பாய்ச்சுவோம். மணலும் களியும் அடியில் தங்கிவிடும். உலர்ந்த முட்டைக்கூடுகள் மட்டும் மிதந்து, விளிம்பில் வழிந்து, சல்லடையில் விழும். வடிதாளில் பரப்பி நுண்ணோக்கிக்குக் கீழே வைத்தால், வேர்த்துணுக்குக்கும் சருகுத்தூளுக்கும் நடுவில் கசகசாவைவிடச் சிறிய பழுப்பு உருண்டைகள் தெரியும். ஈரத் தூரிகையின் நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எடுத்து எண்ணுவோம். ஓர் உருண்டைக்குள் சில நூறு முட்டைகள். பக்கத்தில் உருளைச் செடி வேர்விடும்வரை ஆண்டுக்கணக்கில் அவை மண்ணில் உறங்கிக் கிடக்கும்.

இதுதான் உருளைக்கிழங்கு முட்டைக்கூடு நூற்புழு. இந்தியாவில் இது முதலில் தென்பட்டது 1961இல், நம் ஊட்டியில். இங்கிலாந்திலிருந்து வந்திருந்த ஜோன்ஸ் என்ற நூற்புழு அறிஞர்தான் கண்டுபிடித்தார். பத்து ஆண்டுகள் கழித்து, 1971இல், நீலகிரியின் விதைக்கிழங்கு வெளியே போகக்கூடாது என்று தடை வந்தது. பிறகு கொடைக்கானல் மலையிலும் புழு இருப்பது தெரிந்தது. 2018இல் இமாச்சலம், காஷ்மீர், உத்தராகண்ட் விதைக்கிழங்குக்கும் கட்டுப்பாடு வந்தபோதுதான் வடக்கே இருப்பவர்கள் இந்தப் புழுவின் பெயரையே கேட்டார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவிலிருந்து எங்கள் குழுவுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. ஐந்து நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து இதே புழுவைப் பற்றி ஒரு திட்டம் எழுதுகின்றன, நீங்களும் சேருகிறீர்களா என்று கேட்டார்கள். புழுவின் இரண்டு இனங்களும் ஒரே வயலில் கிடைப்பதும், எதிர்ப்புத் திறன் கொண்ட ரகம் பல பத்தாண்டுகளாகப் பயிராவதும் அவர்களை ஈர்த்திருந்தன. அன்று மாலை ஆய்வகத்தில் எல்லோருக்கும் டீயும் வர்க்கியும் வாங்கிக் கொடுத்தேன்.

மறுவாரம் இன்னொரு கடிதம். இந்திய நிறுவனங்களுக்கு ஹொரைசன் ஐரோப்பாவில் தானாக நிதி கிடைக்காது; நிதி பெறாத பங்காளியாகச் சேரலாம், செலவை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றிருந்தது. இங்கே ஒரு துறையிடம் இணை நிதி கேட்டு விண்ணப்பித்தோம். பதில் வரப் பதினான்கு மாதங்கள் ஆயின. அதற்குள் ஐரோப்பாவில் திட்டம் தொடங்கிவிட்டது. எங்களுக்கு ஒதுக்கியிருந்த வயல் வேலை கென்யாவுக்குப் போய்விட்டது. கென்யாவில் இந்தப் புழு கண்டறியப்பட்டதே 2015 வாக்கில்தான். அறுபது ஆண்டுகளாக அதோடு மல்லுக்கட்டுகிறவர்கள் வெளியே நின்றோம். கென்யாக்காரர்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர்களுக்கும் இது வாழ்வுப் பிரச்சினை.

2025 செப்டம்பரில் ஐரோப்பிய ஆணையம் வெளியிட்ட இந்திய உறவு குறித்த ஆவணத்தில், ஹொரைசன் ஐரோப்பாவில் இந்தியா இணைவதை ஆராயலாம் என்று எழுதியிருக்கிறார்கள். சேர வேண்டுமா, கூடாதா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

---

குன்னூர் லூவன்

அக்கா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எனக்குச் சொந்த ஊர் குன்னூர், இப்போது பெல்ஜியத்தில் லூவனில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். எனக்குச் சம்பளம் தருவதே ஹொரைசன் ஐரோப்பாதான். அதெப்படி, இந்தியாவுக்குத்தான் நிதி இல்லையே என்று கேட்பீர்கள். இந்த இடத்தில்தான் பலர் குழம்புகிறார்கள், எனவே விளக்கிவிடுகிறேன்.

ஹொரைசன் ஐரோப்பா 2021 முதல் 2027 வரை ஓடும் திட்டம். தொடக்கத்தில் ஒதுக்கியது மொத்தம் 95.5 பில்லியன் யூரோ. இதில் மூன்று தூண்கள். முதல் தூணில் தனி ஆய்வாளர்களுக்கான நிதி. மேரி ஸ்க்லோடோவ்ஸ்கா கியூரி உதவித்தொகையும் ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றத்தின் நிதியும் அதில் அடங்கும். இவற்றுக்கு எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம், ஆனால் வேலை செய்யும் இடம் ஐரோப்பாவிலோ இணை நாட்டிலோ இருக்க வேண்டும். நான் இந்த வழியில் வந்தவன். முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் பெல்ஜியத்தில் இருந்திருக்கக்கூடாது என்பது ஒரு நிபந்தனை. குன்னூரை விட்டு நகராதவனுக்கு அது தடையாகவே இல்லை.

இரண்டாம் தூண்தான் பெரியது, தொடக்க ஒதுக்கீட்டில் 53.5 பில்லியன். உணவு, நீர், காலநிலை, நலவாழ்வு என்று பொதுப் பிரச்சினைகளுக்காகப் பல நாடுகள் கூட்டாகச் செய்யும் திட்டங்கள் இதில் வரும். குறைந்தது மூன்று நாடுகளின் நிறுவனங்கள் சேர வேண்டும். அக்காவுக்கு வந்த அழைப்பு இந்தத் தூணிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். மூன்றாம் தூண் புதுத் தொழில்களுக்கானது.

நிதி தானாகக் கிடைப்பது உறுப்பு நாடுகள் 27க்கும், பங்குத்தொகை கட்டும் இணை நாடுகளுக்கும், ஏழை மற்றும் நடுத்தர வருவாய் நாடுகளுக்கும். இந்தக் கடைசிப் பட்டியலிலிருந்து இந்தியா, சீனா, பிரேசில், மெக்சிகோ, ரஷ்யா ஆகியவற்றை விலக்கிவிட்டார்கள். கென்யா உள்ளே இருப்பதும் நாம் வெளியே இருப்பதும் அதனால்தான். கேத்திப் பள்ளத்தாக்கில் காரட் பிடுங்கும் பெண்ணின் கூலியை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. நாட்டின் மொத்தப் பொருளாதாரம் பெரியது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள்.

ஆகவே இந்தியாவின் நிலை இதுதான்: ஆள் இங்கே வந்தால் நிதி உண்டு, ஆய்வகம் அங்கேயே இருந்தால் இல்லை. நான் இங்கே வந்துவிட்டேன். அக்கா அங்கே இருக்கிறார். இதை நினைத்தால் எனக்கு உறுத்துகிறது.

---

கோத்தகிரிக்காரன்

முழு மரியாதையோடு சொல்கிறேன், சேரக்கூடாது.

நம் நாடு ஆராய்ச்சிக்கும் வளர்ச்சிக்கும் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காடு. 2020-21 கணக்குப்படி ஏறத்தாழ 1,27,381 கோடி ரூபாய். நம் கல்லூரி ஆய்வகங்களில் அமிலம் வாங்கக் காசில்லை, தராசு பழுதானால் ஆறு மாதம் மூடி வைக்கிறார்கள். நான் கற்பிக்கும் கல்லூரியில் ஒரு நுண்ணோக்கியை நாற்பது மாணவர்கள் வரிசையில் நின்று பார்க்கிறார்கள். இந்த நிலையில் பிரஸ்ஸல்ஸுக்கு ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டுமாம். அந்தப் பணத்துக்கு இங்கே எத்தனை தராசு வாங்கலாம்!

முத்தோரைத் தங்கைக்கு நடந்தது அநியாயம்தான். ஆனால் அந்த அநியாயத்தைச் செய்தது ஐரோப்பா இல்லை. பதினான்கு மாதம் பதில் சொல்லாமல் இருந்த நம் ஆட்கள்தான்.

---

பேரேடு

கோத்தகிரி ஐயா சொன்ன கடைசி வரியை நான் இரண்டு முறை படித்தேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆராய்ச்சி நிறுவனக் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்த விஷயத்தில் வாயைத் திறக்காமல் இருக்க முடியாது.

முதலில் பங்குத்தொகை எவ்வளவு வரும் என்று ஒரு கணக்கு. இணை நாடுகளின் பங்கு பெரும்பாலும் அவற்றின் உள்நாட்டு உற்பத்தியை ஒன்றியத்தின் உற்பத்தியோடு ஒப்பிட்டு வருவது. பிரிட்டன் 2024 ஜனவரி 1 முதல் இணை நாடு. அது கட்டுவது சராசரியாக ஆண்டுக்கு 2.43 பில்லியன் யூரோ. பிரிட்டனின் பொருளாதாரமும் நம்முடையதும் அளவில் ஏறத்தாழ ஒன்றுதான். அப்படியென்றால் முழு உறுப்பினராகச் சேர நமக்கும் அதை ஒட்டித்தான் கேட்பார்கள். ரூபாயில் இருபதாயிரம் கோடிக்கு மேல். கோத்தகிரி ஐயா எழுதிய 1,27,381 கோடியில் ஆறில் ஒரு பங்குக்கும் கூடுதல். எந்த நிதியமைச்சரும் இதற்குக் கையெழுத்திட மாட்டார், இடவும் கூடாது.

ஆனால் வேறு வாசல் உண்டு. நியூசிலாந்து, கனடா, தென்கொரியா மூன்றும் இரண்டாம் தூணுக்கு மட்டும் இணைந்திருக்கின்றன. தொலைவில் உள்ள நாடுகளுக்கென்றே திறந்த வாசல் இது. பேசுவதானால் நாமும் இதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

இப்போது இரண்டாவது செய்தி, இதுதான் எனக்கு முக்கியம். ஐரோப்பிய நிதி எப்படி வருகிறது தெரியுமா? விண்ணப்பக் கெடு முடிந்த நாளிலிருந்து ஐந்து மாதத்தில் முடிவு, அடுத்த மூன்று மாதத்தில் ஒப்பந்தம், ஆக எட்டு மாதம் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட இலக்கு. தொடக்கத்திலேயே முன்பணம். நேரடிச் செலவுக்கு மேல் 25 விழுக்காடு நிறுவனத்தின் மேல்செலவுக்கு என்று தட்டையாகத் தருகிறார்கள். மின்சாரக் கட்டணம், கணக்கர் சம்பளம், கூரை ஒழுகினால் அடைப்பது எல்லாம் அதில் நடக்கும்.

இங்கே? ஆண்டுத் தவணை. மார்ச் 31 நெருங்கும்போது பணம் வரும், செலவழி என்பார்கள். செலவழிக்காவிட்டால் அடுத்த தவணை நிற்கும். பயன்பாட்டுச் சான்றிதழ் போன பிறகுதான் கோப்பு நகரும். நான் பணியாற்றிய ஓர் இடத்தில் வெளிநாட்டுக் கூட்டுத் திட்டம் ஒன்று மூன்று ஆண்டுக்கானது. முதல் தவணை எங்களுக்கு வந்தபோது வெளிநாட்டுக் குழு இரண்டாம் ஆண்டு அறிக்கையை எழுதிக்கொண்டிருந்தது. திட்டப் பணியாளராக இருந்த பெண் ஏழு மாதம் சம்பளமில்லாமல் வந்தார். தினம் காலையில் கணக்குப் பிரிவின் சன்னல் ஓரமாக நடந்து போவார், உள்ளே பார்க்க மாட்டார். அவர் கேட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

---

முத்தோரை மண்

பேரேடு ஐயா, அந்தப் பெண்ணைப் போல நானும் நடந்திருக்கிறேன். நன்றி.

---

ராஜ்பவன் மேடு

கோத்தகிரி நண்பர் வெளிநாட்டுக் கூட்டு என்றாலே பணம் வெளியே போவது என்று நினைக்கிறார். நம் ஊட்டியிலேயே நடந்த கதை ஒன்றைச் சொல்கிறேன். நான் காஸ்மிக் கதிர் ஆய்வகத்தில் தொழில்நுட்பப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவன்.

1965இல் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில், காற்று மண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோ என்ற நுண்துகளை டாடா அடிப்படை ஆய்வுக் கழகமும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் சேர்ந்து கண்டார்கள். உலகிலேயே அது முதல் வரிசைச் சாதனை. பிறகு 1980களில் அதே சுரங்கத்தில் புரோட்டான் சிதைவைத் தேடினார்கள், ஜப்பானியர்களும் உடன் இருந்தார்கள். சிதைவு கிடைக்கவில்லை. சோதனை முடிந்தபின் அதன் எஃகுக் குழாய்கள் ஊட்டிக்கு வந்தன. ஒவ்வொன்றும் ஆறு மீட்டர் நீளம், பத்து சென்டிமீட்டர் சதுர வாய். உள்ளே நட்டநடுவில் முடி மொத்தத்தில் ஒரு டங்ஸ்டன் கம்பி ஓடும், சுற்றிலும் ஆர்கானும் மீத்தேனும் கலந்த வாயு. கம்பி சற்றே தொய்ந்தாலும், வாயு ஒரு ஊசித்துளை வழியே கசிந்தாலும் அந்தக் குழாய் பொய் சொல்லும். ஒவ்வொன்றையும் குழந்தையைப் போல ஏந்தி அடுக்கினோம். மொத்தம் 3,712 குழாய்கள், 560 சதுர மீட்டர். விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களை ஆராயும் கிரேப்ஸ்-3 என்ற அந்தச் சோதனை இன்றும் இந்திய-ஜப்பானியக் கூட்டாகவே நடக்கிறது.

2014 டிசம்பர் 1 அன்று ஊட்டிக்கு மேலே நின்ற ஓர் இடிமேகத்தில் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததை அந்தக் குழாய்கள்தான் காட்டின. 2019இல் அது வெளிவந்தபோது உலகம் முழுக்கச் செய்தியானது. ஒரு சுரங்கத்தில் தேடியது கிடைக்காமல் போன கருவி, மலையில் யாரும் தேடாத ஒன்றைக் கண்டுபிடித்தது.

கூட்டு என்றால் இதுதான். பொருளாகவும் உழைப்பாகவும் பங்கு கொடுக்கலாம். இட்டர் என்ற அணு இணைவுத் திட்டத்தையே பாருங்கள். 2005இல் இந்தியா அதில் சேர்ந்தது, ஏழு பங்காளிகளில் ஒன்று. நம் பங்கின் பெரும்பகுதி பொருளாகத்தான் போகிறது. அந்த உலையைச் சுற்றி நிற்கும் 3,850 டன் குளிர்கலன் குஜராத்தின் ஹசிராவில் செய்யப்பட்டது. கூலி இந்தியத் தொழிலாளிக்கு, கற்ற வித்தை இந்தியத் தொழிற்சாலைக்கு. ஐரோப்பிய அணுத்துகள் ஆய்வு மையமான செர்னில் 2017 ஜனவரி முதல் நாம் இணை உறுப்பினர். அதற்குப் பிறகு நம் நிறுவனங்கள் அங்கே ஒப்பந்தம் கேட்க முடிகிறது, நம் பிள்ளைகள் அங்கே வேலைக்கு விண்ணப்பிக்க முடிகிறது.

---

கோத்தகிரிக்காரன்

ராஜ்பவன் மேடு ஐயா, குழாய்க் கதையை மாணவர்களுக்குப் படித்துக் காட்டப் போகிறேன். மனதார நன்றி.

ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. இட்டரில் நம் பங்கின் பெரும்பகுதியைப் பொருளாகக் கொடுக்கலாம். ஹொரைசன் ஐரோப்பாவில் காசாகத்தான் கட்ட வேண்டும். அங்கே போட்டியிட்டு வென்றால்தான் திரும்பி வரும். ஆக்ஸ்போர்டோடும் ஸூரிச்சோடும் போட்டியிட நம் மலை ஆய்வகத்துக்குத் திட்டம் எழுத ஓர் ஆள் உண்டா? அங்கெல்லாம் அதற்கென்றே தனி அலுவலகம் இருக்கிறது. பணத்தை நாம் கட்டுவோம், வெல்வது அவர்களாக இருக்கும்.

---

குன்னூர் லூவன்

சார், போட்டி கடினம்தான், மறுக்கவில்லை. ஆனால் வெளியே நின்றவர்கள் பட்ட பாட்டையும் பாருங்கள். 2021 மே மாதம் சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தோடு நடத்திவந்த பெரிய ஒப்பந்தப் பேச்சை நிறுத்தியது. உடனே அதை ஹொரைசனிலிருந்து வெளியே வைத்தார்கள். ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றத்தின் நிதியை வென்றவர்கள் நாட்டைவிட்டுப் போக வேண்டும் அல்லது நிதியை விட வேண்டும் என்றானது. அரசே தன் கருவூலத்திலிருந்து ஈடு கொடுத்தது. பணம் அவர்களுக்குக் குறைவா? இருந்தும் சுவிஸ் பேராசிரியர்கள் கதறினார்கள். பணம் கிடைத்தும் கூட்டுத் திட்டத்துக்குத் தலைமை தாங்க முடியவில்லை, கேள்வியை வகுக்கும் மேசையில் நாற்காலி இல்லை என்பதுதான் அவர்கள் குறை. 2025இலிருந்துதான் மறுபடி உள்ளே வந்தார்கள்.

அக்காவின் கதையிலும் எனக்கு வலித்தது அதுதான். மண் நம்முடையது. ஆனால் எந்த வயலில் எதை அளப்பது என்பதை வேறு யாரோ எழுதி முடித்த பிறகு நம்மிடம் மாதிரி கேட்கிறார்கள்.

---

பூம்பாறை வாத்தியார்

பழனி மலைப் பக்கத்திலிருந்து ஒரு குரல். ஆண்டுக்கு ஒருமுறை எங்கள் பள்ளிப் பிள்ளைகளைக் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்கு அழைத்துப் போவேன். 1899இல் தொடங்கியது. அங்கேதான் 1909இல் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளியே பாய்வதைக் கண்டார். உலகப் பாடநூல்களில் அது அவர் பெயரால் இருக்கிறது. 1904 முதல் நாள்தோறும், வானம் தெளிந்த நாளெல்லாம், சூரியனைக் கண்ணாடித் தகட்டில் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். இப்போது அவற்றைக் கணினியில் ஏற்றி உலகத்துக்குத் திறந்துவிட்டார்கள். நூறு ஆண்டுச் சூரியனை ஆராயும் வெளிநாட்டு அறிஞர்களும் நம் கொடைக்கானல் பதிவுகளைத் தேடி வருகிறார்கள்.

நான் கேட்பது ஒன்றே. இந்தப் பொறுமைக்கு என்ன விலை? மூன்று தலைமுறை ஊழியர்கள் விடியற்காலைக் குளிரில் எழுந்து எடுத்த தகடுகள் இவை. பங்குத்தொகை பேசும் மேசையில் இதையும் எடுத்து வைக்க வேண்டும். முத்தோரை அம்மாவின் அறுபது ஆண்டு மண்ணும் அப்படித்தான். நாம் வெறுங்கையோடு போகவில்லை.

---

கேத்தி நடுஹட்டி

எனக்குப் பிரஸ்ஸல்ஸ் தெரியாது. மேட்டுப்பாளையம் மண்டி தெரியும்.

எங்கள் வீட்டில் கார்போகத்துக்கு ஒன்றரை ஏக்கர் உருளை போடுவோம். போன முறை நடு வயலில் வட்ட வட்டமாகச் செடி வெளுத்துக் குட்டையாக நின்றது. பிடுங்கிப் பார்த்தால் வேரில் கடுகுமணியைவிடப் பொடியாக வெள்ளையும் மஞ்சளுமாக ஒட்டியிருந்தது. கிழங்கு கோலிக்குண்டு அளவு. வட்டத்துக்கு வெளியே மூட்டைக்கு மூட்டை விளைந்தது, வட்டத்துக்குள் விதைக் காசுகூட வரவில்லை.

என் அப்பா காலத்தில் குப்ரி சுவர்ணா என்று 1985இல் ஒரு ரகம் வந்தது, புழுவைத் தாங்கும் என்றார்கள். உண்மையிலேயே நன்றாக நின்றது. ஆனால் மண்டியில் வியாபாரிக்குக் குப்ரி ஜோதிதான் பழக்கம், அதைத்தான் கேட்டு வாங்குகிறான். அதனால் பாதிப் பேர் மறுபடி ஜோதிக்கே போனோம். புழு சிரித்தது.

நான் கேட்க வந்தது இதுதான். ஐரோப்பாக்காரன் பணம் கொடுத்தாலும் நம் அரசு கொடுத்தாலும், புழுவையும் தாங்க வேண்டும், மண்டியிலும் விலை போக வேண்டும், அப்படி ஒரு கிழங்கு எனக்கு எத்தனை ஆண்டில் கிடைக்கும்? என் பேரன் நடுவானா, நான் நடுவேனா?

---

முத்தோரை மண்

அண்ணா, நேராகச் சொல்கிறேன். ஒரு புது ரகம் வயலுக்கு வரப் பத்து ஆண்டுக்கு மேல் ஆகும், யார் பணம் கொடுத்தாலும். சுவர்ணாவின் எதிர்ப்புத் திறன் ஆண்டிஸ் மலையின் சோலானம் வெர்னீ என்ற காட்டு உருளையிலிருந்து வந்தது. தென் அமெரிக்காவின் காட்டுச் செடி, நம் ஊரில் வந்து நின்றது. ஒரு நாடு தனியாக உட்கார்ந்து செய்திருந்தால் அந்தக் கிழங்கு பிறந்தே இருக்காது. உங்கள் அப்பா நட்டது உலகக் கூட்டின் விளைச்சல்தான்.

ஆனால் ரகம் வருவதற்கு முன்னாலேயே உங்களுக்குப் பயன்படும் வேலை ஒன்று உண்டு. உங்கள் வயலில் எந்த இனம் எவ்வளவு இருக்கிறது என்று பாத்தி பாத்தியாக அளந்து, எந்தப் பாத்தியில் எத்தனை ஆண்டு பூண்டோ காரட்டோ முட்டைக்கோஸோ போட்டால் உருளைக்குத் திரும்பலாம் என்று சொல்ல முடியும். அதற்கு மரபணுச் சோதனை வேண்டும், இரண்டு இனத்தையும் கண்ணால் பிரிப்பது கடினம். அந்தக் கூட்டுத் திட்டத்தில் எங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய பயிற்சி இதுதான். கருவியும் அவர்கள் தருவதாக இருந்தது.

எல்லோரும் சொன்னதை இரண்டு நாளாக மனதில் போட்டுப் பார்த்தேன். என் நிலைப்பாடு கொஞ்சம் மாறியிருக்கிறது. இழையைத் தொடங்கும்போது முழுதாகச் சேர வேண்டும் என்றுதான் நினைத்தேன். பேரேடு ஐயாவின் கணக்கைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. இரண்டாம் தூணுக்கு மட்டும் இணைவது என்றால் என் முழு ஆதரவு உண்டு. தலைமை தாங்கும் உரிமையும் கேள்வி வகுக்கும் நாற்காலியும் அதில்தான் இருக்கின்றன.

அந்தப் பேச்சு முடிய எத்தனை ஆண்டாகுமோ. அடுத்த ஐரோப்பியத் திட்டம் 2028இல் தொடங்குகிறது. அதற்கு 175 பில்லியன் யூரோ ஒதுக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் ஆணையம் முன்மொழிந்திருக்கிறது. அதுவரை கைகட்டி நிற்கக்கூடாது. நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, இதை நான் பார்க்கும் எல்லோரிடமும் சொல்லப் போகிறேன். ஐரோப்பாவில் ஒரு கூட்டுத் திட்டம் தேறிவிட்டால், அதில் உள்ள இந்தியக் குழுவுக்கு இங்கே இரண்டாவது தேர்வு வேண்டாம். அதே முடிவை ஏற்றுக்கொண்டு, அங்கே ஒப்பந்தம் கையெழுத்தாகும் மாதத்திலேயே இங்கும் பணத்தை விடுவிக்க வேண்டும். 2023இல் சட்டமாகி உருவான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனத்துக்கு ஐந்து ஆண்டில் 50,000 கோடி என்று திட்டமிட்டிருக்கிறார்கள். அதில் ஒரு சிறு பங்கை இதற்கென்று பூட்டி வைத்தால் போதும்.

இணை நிதி நமக்குப் புதிதும் இல்லை. நீர் குறித்து இந்தியாவும் ஐரோப்பாவும் சேர்ந்து அழைப்பு விட்டு 2019இல் ஏழு திட்டங்கள் தொடங்கின. இன்ஃபுளுயன்சா தடுப்பூசிக்கு இரு தரப்பும் ஆளுக்கு 15 மில்லியன் யூரோ போட்டன. தலைநகரத்தில் முடிவெடுத்து அழைப்பு விட்டால் நடக்கிறது. மலையிலிருந்து ஒரு சிறு ஆய்வகம் தானாக வாய்ப்பைத் தேடிக்கொண்டால்தான் வழி அடைபடுகிறது.

---

கோத்தகிரிக்காரன்

ஒரே தேர்வு, ஒரே மாதம். இதற்கு நான் எதிர்ப்பில்லை. இரண்டாம் தூண் விஷயத்தில் இன்னும் தயக்கம் இருக்கிறது, கட்டும் தொகை எவ்வளவு என்று கண்ணால் பார்த்தபின் பேசுவேன். ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: திட்டம் எழுத உதவும் ஓர் அலுவலகம் ஊட்டியிலோ கோவையிலோ வேண்டும். அது இல்லாமல் எந்த வாசலைத் திறந்தாலும் சென்னையும் பெங்களூரும் மட்டுமே நுழையும்.

---

பேரேடு

அந்த அலுவலகத்தில் ஒரு கணக்கரும் இருக்க வேண்டும். யார் எந்த மாதத்தில் எத்தனை நாள் வேலை செய்தார்கள் என்று ஐரோப்பியத் திட்டத்தில் எழுதி வைக்கச் சொல்வார்கள். நம் ஆட்களுக்கு அது பழக்கமில்லை. முதலிலேயே கற்றுக்கொடுத்தால் பின்னால் தணிக்கையில் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை. மண்ணையும் புழுவையும் வெளிநாட்டுக்கு அனுப்புவதானால் பல்லுயிர்ச் சட்டம் குறுக்கே வரும். அரசு ஒப்புதல் பெற்ற கூட்டு ஆய்வுக்கு 2002ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. தெரியாமல் பயந்து பல கோப்புகளைக் கட்டிவைத்ததைப் பார்த்திருக்கிறேன். யாராவது ஆரம்பித்தால் வாரத்தில் இரண்டு நாள் நான் வந்து உட்காருகிறேன். ஊதியம் வேண்டாம்.

---

குன்னூர் லூவன்

அக்கா, எங்கள் பல்கலைக்கழகத்தில் நூற்புழு ஆய்வு செய்யும் ஒரு குழுவினரிடம் நேற்று பேசினேன். மரபணுச் சோதனை முறையை இணையவழியில் கற்றுத் தர ஒப்புக்கொண்டார்கள், அதற்குத் திட்டமும் வேண்டாம் நிதியும் வேண்டாம். உங்கள் பழைய எண்ணிக்கைப் பதிவேடுகள் எந்த ஆண்டிலிருந்து இருக்கின்றன என்று கேட்டார்கள்.

---

முத்தோரை மண்

என் கையில் இருப்பது பதினோரு ஆண்டு. அலமாரியில் அதற்கு முந்தையவர்களின் நோட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன, மையில் எழுதியவை, சிலவற்றின் ஓரத்தைக் கரையான் தின்றுவிட்டது. பூம்பாறை வாத்தியார் ஐயா சொன்ன கண்ணாடித் தகடுகளை நினைத்துக்கொண்டே இன்று மதியம் நான்கு நோட்டுகளைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்தேன். மற்றவற்றை வாரக் கடைசியில் எடுத்து அனுப்புகிறேன், தம்பி.

---

கேத்தி நடுஹட்டி

அம்மா, வியாழக்கிழமை வாருங்கள். கீழ்ப்பாத்தியில் இன்னும் தண்ணீர் விடவில்லை, மண் உலர்ந்துதான் கிடக்கிறது. வட்டத்துக்குள்ளேயும் எடுங்கள், வெளியேயும் எடுங்கள். மேலே வர ஜீப்புக்கு வழியில்லை, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இறங்கினால் என் மகன் நிற்பான்.

---

முத்தோரை மண்

காலை ஏழு மணி பஸ்ஸுக்கு வந்துவிடுகிறேன், அண்ணா. இருபத்து நான்கு துணிப்பை கொண்டு வருகிறேன். பாத்திக்கு எந்த ஆண்டு என்ன போட்டீர்கள் என்று வீட்டில் யாருக்காவது நினைவிருந்தால் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.